ஸ்கேல் வைத்துப் படித்த பெண்

காலாப்பட்டுக் கல்லூரி ஒன்றில் நான் ஆங்கிலம் நடத்திய வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் அந்தப் பெண். மெலிந்த கை, எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துத்தான் படிப்பாள். தெரியாத சொல் வந்தால், செல்லில் தேடி அர்த்தம் எழுதும்வரை ஸ்கேல் நகராது.

"தெரியாத வார்த்தைய தாண்டிப் போங்க, சாரம் பிடிபட்டா போதும்" என்பதுதான் வருஷம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது. மற்றவர்கள் தாண்டினார்கள். மாதிரித் தேர்வில் இவள் ஸ்கேல் மட்டும் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் பரீட்சை.

"ஏம்மா, இப்படிப் படிச்சா ஃபெயிலாயிடுவியே" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அப்பாவோட மாத்திரை டப்பால ஒரு வார்த்தை புரியல சார். தாண்டிட்டேன். நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாரு."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க சொல்றது பரீட்சைக்கு மட்டுந்தானே சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், நான் பல வருஷமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் டப்பாவிலிருந்த காகிதத்தை முதல்முறையாகப் பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரியாத சொல் ஒன்று இருந்தது.

எழுந்துபோய் ஸ்கேலைத் தேடினேன்.