பேக்கப் அக்கா போட்ட ரூட்

எங்கள் கடையில் பாதி என் ஜெராக்ஸ் மெஷின், மீதிப் பாதி பேக்கப் அக்கா. போன் ரிப்பேர் என்று யார் வந்தாலும் அவள் வாயில் வரும் முதல் கேள்வி, "பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?" இல்லையென்று தலையாட்டினால் தீர்ந்தது, அர்ச்சனைதான். அதனால்தான் அந்தப் பெயர். மேஜைக்கடியில் ஒரு கிழட்டு லேப்டாப் வைத்திருக்கிறாள். அது ஆன் ஆவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். "தூக்கிப் போட்டுத் தொலையேன்க்கா" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒருநாள் காலை பஸ் கண்டக்டர் ஒருவர் மகளோடு வந்தார். தொண்டை ஆபரேஷனில் அவருக்குக் குரல் போய்விட்டது. உதட்டைப் பார்த்து மகள்தான் பேசினாள். ஏழு வயதிருக்கும்.

"இது அப்பாவோட பழைய போன். வெளியூர் டூட்டி போறப்ப எனக்காக இதுல கதை சொல்லி வச்சாராம். இப்ப அந்த ஆப் தொறக்கவே மாட்டேங்குது."

கண்டக்டர் தன் புதுப் போனில் ஏதோ தட்டி, மகள் பார்க்காதபடி எங்களிடம் நீட்டினார். 'இவளுக்கு என் குரல் மறந்துபோச்சு.'

அக்கா நோண்டிப் பார்த்தாள். ஆப் நடத்திய கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம். கதைகள் போனுக்குள்ளேதான் கிடக்கின்றன, ஆனால் அந்த ஆப்பைத் தவிர யாரும் நுழைய முடியாத இடத்தில். "ரூட் பண்ணாத்தான் உள்ள போக முடியும்" என்றாள்.

கண்டக்டர் உதட்டை அசைத்தார். "எந்த ரூட்டுன்னு அப்பா கேக்குறாரு" என்றாள் மகள்.

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பஸ் ரூட் இல்லம்மா. போனோட சாவிக்கொத்தையே நம்ம கையில வாங்குறது. கம்பெனிக்காரன் சொல்ற வழியில திறந்தா எல்லாம் அழிஞ்சிடும். அழிக்காம திறக்குற பழைய சாப்ட்வேர் ஒண்ணு வச்சிருக்கேன். ஆனா சார், நடுவுல போனே செத்தாலும் செத்துடும். பரவாயில்லையா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

என் கம்ப்யூட்டரில் போட்டதும் ஆன்டிவைரஸ் அந்த சாப்ட்வேரை வைரஸ் என்று விழுங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் மேஜைக்கடியிலிருந்து, ஆன்டிவைரஸே இல்லாத கிழட்டு லேப்டாப் வெளியே வந்தது. தூக்கிப் போடச் சொன்ன நானே அதற்கு ப்ளக் செருகினேன். போன் அணைந்தது, எரிந்தது, 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டது. 'சரி' பட்டன் இருந்த மூலையில் டச் வேலை செய்யவில்லை! நான் தலையில் கை வைத்தேன். அக்கா போனைப் படுக்கையாகத் திருப்பினாள். பட்டன் இடம் மாறியது. தட்டினாள்.

முதல் கதை லேப்டாப்பில் ஓடியது. கரகரவென்று, பஸ்ஸின் கடைசி சீட்வரை கேட்கிற குரல். "ஒரு ஊர்ல ஒரு யானை. அதுக்கு பஸ்ல போகணும்னு ஆசை." அத்தோடு சத்தமே இல்லை.

"போச்சு! ஃபைல் கெட்டுப்போச்சு!" என்று கத்தினேன். நிறுத்தப் போன அக்காவின் கையைக் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் மனுஷன்!

"என்னடி, தூங்கிட்டியா?" என்றது லேப்டாப். "ம் கொட்டு. இல்லன்னா யானையை ஏத்த மாட்டேன்." மறுபடி நிசப்தம்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

"ஆங், அப்படிக் கேளு. யானை படியில காலை வச்சுதா..."

கண்டக்டர் கண்ணைத் துடைக்கவேயில்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இருங்க, முதல்ல ஒரு பேக்கப்..." என்று ஆரம்பித்தாள்.

"ஷ்ஷ்!" என்று அதட்டினாள் மகள். "அப்பா பேசுறாரு."