பேர் இருக்கிற துண்டு

ஷண்டிங் எஞ்சின் புகைவிட்டுக் கடந்து போகும்வரை பாட்டைப் பாதியில் நிறுத்திவைத்து, அது போனதும் விட்ட இடத்திலிருந்து அவசரமே இல்லாமல், தாளத்துக்கு ஓரடி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் ஒரு குரலைக் கேட்டுத்தான் நான் விருத்தாசலத்தில் வளர்ந்தேன். டெல்மா ஆன்ட்டியின் குரல் அது. எங்கள் வீட்டுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு மதில்தான். ரயில்வே கார்டின் மனைவியான அந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலில் பேண்டு கோஷ்டியோடு ஜாஸ் பாடியவர். ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு அழைத்துப்போய் அவரை ஒரு ரெக்கார்டும் கொடுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு, நடுவில் நீலக் காகிதத்தில் பொன்னெழுத்தில் அவர் பேர்.

"ஒருத்தரும் வாங்கலம்மா. கம்பெனிக்காரங்க குடுத்த இது ஒண்ணுதான் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கிராமபோன் பெட்டியின் ஸ்பிரிங் அறுந்து வெகுநாளாகியிருந்தது. அதனால் ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்து இங்கிலீஷ் பாட்டை அவரே பாடிக் காட்டுவார். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன ஒருவனைப் பற்றிய பாட்டு என்று எனக்குப் பொருள் சொல்லியிருந்தார். அது புரிகிற வயதில்லை எனக்கு, பத்துதான் இருக்கும். ஆனாலும் தினமும் மதிலேறிக் குதித்துப் போய்க் கேட்பேன்.

எங்கள் ஊரில் பாட்டு என்றால் அது ஒருவருடைய பாட்டு. டெண்டுக் கொட்டகையில் படம் பார்த்து வந்தால் எந்தப் பாட்டு யாருடையது என்று கைக்குழந்தைகூடச் சொல்லும். வேறொருவர் அதைப் பாடினால் கல்யாண வீட்டு மைக் செட்டில் அவரைப் போலப் பாடிக் காட்டுகிறார் என்று அர்த்தம். ஆகவே ரெக்கார்டில் ஆன்ட்டியின் பேர் இருந்தால் பாட்டும் ஆன்ட்டி கட்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க அப்படித்தான் பீற்றிக்கொண்டேன். எங்கள் பெரிய டீச்சர் ஆன்ட்டியை ஆண்டுவிழாவில் பாடக் கூப்பிட வந்தபோது, ஆன்ட்டியை வைத்துக்கொண்டே, "சொந்தமா பாட்டு கட்டி ரெக்கார்டு குடுத்தவங்க டீச்சர்" என்றேன். ஆன்ட்டி என் தலையைத் தடவிச் சிரித்தார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக் காட்ட டீச்சர் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் போனார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு என் கூட்டாளி கமலா வீட்டு ரேடியோவில் அதே பாட்டு வந்தது. பாடியது ஓர் ஆண். இழுக்காமல், பிந்தாமல், சொல்லுக்குச் சொல் தாளத்தில் வந்து உட்கார்ந்தது பாட்டு.

"அடியே, இது உங்க ஆன்ட்டி பாட்டுதான? இந்தாளு எவ்ளோ கரெக்டா பாடறாரு பாரு. உங்க ஆன்ட்டி இவருகிட்டேர்ந்து திருடியிருக்காங்க, அதுவும் ஒழுங்கா வரல" என்று கைகொட்டிச் சிரித்தாள் கமலா.

முகம் எரிந்தது. என்னை இத்தனை நாள் மடியருகே உட்காரவைத்து ஏமாற்றியிருக்கிறார், ஊர் முழுக்க என் வாயாலேயே பொய் சொல்ல வைத்திருக்கிறார் என்று தோன்றியது. மறுநாள் காலை முதல் வேலையாக டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பாட்டு விஷயத்தில் அவருக்கும் என்னைப் போலத்தான் தெரியும், பாவம். "அப்படியா? அப்ப வேணாம். நீயே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடும்மா" என்று ரெக்கார்டை என் கையில் கொடுத்தார்.

நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. விழாவன்று டெல்மா ஆன்ட்டி பச்சைப் பட்டு கவுனும் உயர்ந்த குதிகால் செருப்பும் போட்டுக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேரைக் கூப்பிடும்போதும் நிமிர்ந்து பார்த்து, கடைசியில் தேசிய கீதத்துக்கு எல்லோரோடும் எழுந்து நின்றார். நான் மேடை ஓரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

ரெக்கார்டு என் பைக்குள்ளேயே கிடந்தது. அத்தாவுக்கு ஸ்டேஷன் பக்கம் பீங்கான் கடை, சூளையில் கோணிப்போன செகண்ட்ஸ் சாமான் வியாபாரம். விலைபோகாத ஜாடிகள்தான் வீட்டுக்கு வரும், அதனால் எங்கள் வீட்டில் எந்த ஜாடிக்கும் மூடி கிடையாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பையில் ரெக்கார்டைப் பார்த்தவர், "அளவெடுத்தாப்புல இருக்குதே, யாருதுடி இது?" என்றார். "யாருதும் இல்ல" என்றேன். நடு ஓட்டையில் துணித்திரியைச் செருகி, எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை அதைக் கொண்டு மூடினார் அம்மா.

ஒரு வாரம் கழித்து ஆன்ட்டி மதிலோரம் என்னைக் கூப்பிட்டார். விழாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெக்கார்டு டீச்சர்கிட்டயா இருக்குது கண்ணு?"

"ஒடஞ்சிடுச்சி ஆன்ட்டி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மதிலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பேரு இருக்கற துண்டு மட்டும் கெடைக்குமா? நடுத்துண்டு. அது போதும் எனக்கு."

"குப்பையில போட்டாச்சு" என்றேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். "போயிட்டு வரேங்க" என்று சொல்லிக்கொள்ள வந்தவரை நிற்கச் சொல்லிவிட்டு, வழிக்கு ஊறுகாய் எடுத்துவர உள்ளே போனார் அம்மா. அடுப்படியில் மூடி நகரும் ஓசை கேட்டது. நான் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டேன். ஆன்ட்டி பாட்டிலை வாங்கிக்கொண்டு என் கன்னத்தில் முத்தமிட்டுப் போனார்.

பிறகு மெட்ராஸில் கல்லூரிக்குப் போனபோது விடுதித் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பாட்டை நாற்பது வருஷமாக யார் யாரோ பாடிவருகிறார்கள். ஜாஸில் அதுதான் வழக்கம். பாட்டு எல்லோருக்கும் பொது, எந்தச் சொல்லில் பிந்துவது, எங்கே மூச்சை நிறுத்துவது என்பதுதான் பாடுகிறவருடையது. ஒரே அச்சில் வார்த்த பீங்கான் பொம்மைகளுக்கு ஆளுக்கொரு விதமாகக் கண் எழுதுகிற ஊரில் பிறந்த எனக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆன்ட்டி அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன என்று இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

இப்போது ஷண்டிங் எஞ்சின் இல்லை, அந்த குவார்ட்டர்ஸும் இல்லை. போனில் அந்தப் பாட்டைத் தேடினால் பாடியவர்களின் பட்டியல் விரல் வலிக்கும்வரை ஓடுகிறது. அதில் டெல்மா ஆன்ட்டி இல்லை.

அம்மா காலமான பின் ஜாடி எனக்கு வந்தது. ரெக்கார்டைக் கழுவித் துடைத்துப் பார்த்தேன். ஊசி பிடிக்க வழியில்லாமல் வரியெல்லாம் உப்பு அரித்திருக்கிறது. அடிப்பக்கக் காகிதம் ஊறிக் கரைந்துவிட்டது, மேற்பக்கத்தில் அம்மாவின் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வெறும் நீலக் கறைதான் மிச்சம். ரெக்கார்டு எங்கும் உடையவில்லை, முழுசாக இருக்கிறது. அவர் கேட்ட பேர் மட்டும் அதில் இல்லை.