கடல் தெளியும் மாதம்

தையல்காரம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அடித்தட்டைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த நூல் பஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, துளைக்கு ஒரு சொட்டு. இந்த வேலையை மட்டும் அவள் யாரிடமும் விட்டதில்லை. பக்கத்தில் அவள் தங்கை சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலோர நாற்காலியில் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது வீட்டை ஓட்டிப் பார்க்கிறவர்.

அவள் வருஷத்தைத் தையல்தான் பிரித்து வைத்திருந்தது. பள்ளி திறக்குமுன் சீருடை மாதம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. அப்புறம் இறுகிப்போன உடுப்புகளைப் பிரித்துத் தைக்கிற மாதங்கள். மழை பிடித்துக்கொண்டால் சும்மா மாதம். எங்கேயாவது போகலாம் என்று பேச்சு வந்தால் குடும்பமே அந்தச் சும்மா மாதத்தைத்தான் காட்டும்.

அப்படித்தான் ஒருமுறை தீவுக்குக் கிளம்பினார்கள். கடல் கொந்தளித்ததால் படகே விடவில்லை. இக்கரை லாட்ஜில் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் திரையின் ஓரம் பிரிந்து தொங்கியது அவள் கண்ணை உறுத்த, கைப்பையிலிருந்த ஊசியை எடுத்துத் தைத்துவிட்டாள். "கடல் பாக்கப் போயி ஸ்கிரீன் தைச்சுட்டு வந்தவ" என்று கணவர் இன்றைக்கும் ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் சிரிப்பதில்லை. அன்று படகுக்காரரிடம் தண்ணீர் எப்போது தெளியும் என்று கேட்டிருந்தாள். அவர் சொன்னது அப்படியே சீருடை மாதம். "அப்ப வாங்கக்கா. அடி மணல் வரைக்கும் தெரியும். மீனெல்லாம் உங்க நிழல்ல வந்து நிக்கும்." அதற்குப் பின் எத்தனையோ சீருடை மாதங்கள் குனிந்த தலை நிமிராமல் போய்விட்டன. இந்த வருஷம் போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள். துணி வெட்டி அடுக்கிவிட்டுப் போனால் தங்கை தைத்துவிடுவாள். அளவை மட்டும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான், சீருடை வேலை கொடுக்கும் பள்ளியின் ஆபீஸ் அம்மாவிடம் தீவு விஷயத்தைச் சொல்லி வரச் சொல்லியிருந்தாள்.

அந்த அம்மா வந்ததும் ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. "ரெண்டு மாசம் முன்னாடி அளவெடுத்தா எப்படிங்க? பசங்க அதுக்குள்ள வளந்துற மாட்டாங்களா?"

"வளரட்டும். உள்ள நாலு விரல் மடிச்சு விடுறேன். பிரிச்சு விட்டா எறங்கிடும்."

"தோள்ல?"

தையல்காரம்மா அடித்தட்டை எடுத்து மெஷினில் பொருத்தினாள். தோளில் மடித்து விட முடியாது. "தோள் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும்," என்றாள்.

தங்கை ஊசியை நிறுத்திவிட்டு, "அக்கா சாக்குல கை வெச்சுத் தைச்சாலும் எங்க பசங்க போட்டுப்பாங்க," என்றாள். ஆபீஸ் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மழை விட்டப்புறம் போனா என்ன? தீவு எங்கயாவது ஓடியா போயிடும்?"

"தீவு ஓடாதுங்க. தண்ணி கலங்கிடும்."

"கடைசி வாரம் புதுசா சேர்ற பசங்களுக்கு நீங்கதானே அளவெடுக்கணும்? நீங்க இல்லன்னா நாங்க வேற ஆளைத்தான் பாக்கணும்."

மெஷினின் அடித்தட்டைத் திருகி முடித்த பிறகுதான் தையல்காரம்மா நிமிர்ந்தாள். "பாருங்க. உங்க கஷ்டம் உங்களுக்கு. அந்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன்."

ஆபீஸ் அம்மா படியிறங்கிப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் கணவர் கேட்டார்.

"உனக்கு என்னடி ஆச்சு? வந்த லட்சுமிய வாசலோட அனுப்பிட்டே."

"நீங்க ஒவ்வொரு தடவையும் லீவு எழுதிக் கொடுத்தீங்க, கெடைச்சப்போ போனோம். நான் யார்கிட்ட எழுதிக் கொடுக்கிறது?"

"அதுக்கில்லடி..."

"மாமா, விடுங்களேன். நான் இருக்கேன்ல," என்றாள் தங்கை.

"நீ இருப்பே. ஸ்கூல் இருக்கணுமே!"

தையல்காரம்மா கையிலிருந்த எண்ணெயை வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் துடைத்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றித் தங்கையின் மடியில் போட்டாள். டிக்கெட் ஆபீஸ் மூடுவதற்குள் போயாக வேண்டும்.

"இத்தனை வருஷமா புடிச்சு வெச்ச ஸ்கூலு," என்று கணவர் எழுந்தே விட்டார். "அது கைய விட்டுப் போனா திரும்ப வருமா? அதையாவது சொல்லிட்டுப் போ."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.