தலைக்கு மேல் பூட்ஸ்

வெள்ளைக்காரர்கள் போன மறுவருஷம் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனோம், நானும் என் அம்மாவும். துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. எப்போதோ ஒரு சங்கு வியாபாரி செழிப்பாக இருந்தபோது கட்டிய வீடு. கீழே நாங்கள், மேலே சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆபீசர். நடுவில் பனங்கட்டைகளின் மேல் பாவிய பலகை மட்டும்தான். அவர் மேலே தும்மினால் அம்மா கீழே "கர்த்தாவே" என்பாள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி வேலை. விடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, நீராகாரம் குடித்துப் படுத்தால் சாயங்காலம் வரை தூங்க வேண்டும். அப்படித் தூங்கினால்தான் அடுத்த ராத்திரி வார்டில் மனுஷியாக நிற்க முடியும். இது புரியாத ஜென்மங்களும் உலகத்தில் உண்டு என்பதை மேல்மாடிக்காரரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் நடப்பார். பூட்ஸ் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே, முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னலுக்கும் பின் ஜன்னலிலிருந்து முன் ஜன்னலுக்கும் நடப்பார். மனைவி இறந்துவிட்டாள், மகன் கொழும்பில். மத்தியானம் ஓட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துவார், பிறகு மறுபடியும் தொடங்குவார். அதுவும் லேசுப்பட்ட பூட்ஸ் அல்ல. கப்பலேறிய துரை ஒருவர் இவருடைய விசுவாசத்தை மெச்சிக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதாம். குதிகாலில் மாட்டுக்கு அடிப்பது போல இரும்பு லாடம். துரைமார் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனது இவருக்குப் பெரிதாகப் படவில்லை. பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் போனதைத்தான் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

தெருவில் போய் நடக்கலாமே என்றால், நடந்து பார்த்தாராம். முன்பெல்லாம் இவரைக் கண்டதும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்ற கூலிக்காரர்கள், துறைமுக வாசலில் உட்கார்ந்தபடியே இவரைப் பார்த்தார்களாம். அதில் ஒருவன் "அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டானாம். அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர்தான், அப்புறம் வாசற்படி தாண்டவில்லை. கோபம் ஊர் மேல், மிதி என் மண்டையில். சத்தத்தோடு பலகை இடுக்கிலிருந்து மண்ணும் கொட்டும். அம்மா ரசச்சட்டியை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் வார்டில் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். கையிலிருந்த மருந்துக் குப்பி விழுந்து உடைந்தது. தலைமை நர்ஸ் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன் ஊர் நாசரேத்துக்கே ரயிலேறிவிடு என்று மட்டும் சொன்னாள். நாசரேத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இருந்தது சித்தப்பா வீட்டுப் பின்கட்டும் சித்தியின் முகமும்தான். அந்த முகத்தை நம்பி ஒரு வேளைகூடச் சாப்பிட முடியாது. இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு கதியில்லை.

மாடியேறிப் போய்க் கேட்டேன். நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"துரை முன்னாலயே பூட்ஸோட நின்னவன் நான். ஒரு நர்ஸ் சொல்லி நான் கழத்தணுமாக்கும்?"

"கழத்த வேண்டாம் சார். பகல்ல கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்து திங்கிற ஆளா நான்? டிசிப்ளின் வேணும்மா, டிசிப்ளின்!"

எடுப்புச் சாப்பாட்டை உட்கார்ந்து தின்பதைத் தவிர அந்த மனிதர் வேறு என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்து வீட்டுக்காரரிடம் போனேன். உடன்குடிக்காரர், கருப்பட்டி மொத்த வியாபாரி. வீட்டில் ஓர் ஆணி மாற்றச் சொன்னால்கூடப் பல்லைப் பிடுங்கச் சொன்னது போல முகம் மாறும் அவருக்கு.

"அண்ணாச்சி, ஒண்ணு அவரைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லன்னா மச்சுக்கு அடியில இன்னொரு தட்டு பலகை அடிச்சுக் குடுங்க."

"அம்புட்டுப் பெரிய ஆபீசரை எப்படித் தங்கச்சி காலி பண்ணச் சொல்லுதது? பலகைக்கு இப்ப நான் எங்கன போக? நம்ம சரக்குக் கிட்டங்கில பழைய சாக்கு கெடக்கு. மாடியில நாலு அடுக்கா விரிச்சுப் போட்டா, ஆனை நடந்தாலும் கீழ கேக்காது."

"கருப்பட்டிச் சாக்கா? எறும்பு வராதா அண்ணாச்சி?"

"உதறிட்டுத்தான குடுக்கேன். அதுவும் போக, கருப்பட்டி மருந்துல்லா! அது யாரை என்ன செய்யும்?"

வாழ்நாளெல்லாம் கருப்பட்டியோடு கிடந்தவர், அதன் மேல் குற்றம் சொன்னால் தாயைச் சொன்னது போல. ஆபீசரையும் அவரே சரிக்கட்டினார். துரைமார் வீட்டில் தரையெல்லாம் கம்பளம் கிடக்குமாமே என்று ஒரு வார்த்தை போட்டார், அவ்வளவுதான். ஆபீசர் கூடவே நின்று மூலை முடுக்கெல்லாம் சாக்கை விரிக்க வைத்தார். சாக்கைக் கம்பளம் என்று சொன்னால் நம்புகிற மண்டை அது.

உண்மையைச் சொல்ல வேண்டும், சத்தம் அடங்கியது. லாடம் சாக்கில் புதைந்து தொம் தொம்மென்று தூரத்தில் கேட்டது. நான் தூங்கினேன். அம்மா ரசச்சட்டியைத் திறந்து வைத்தாள்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. உப்புக்காற்றும் ஈரமும் ஏறியதும், சாக்கின் இழைகளில் ஒட்டியிருந்த கருப்பட்டி இளகிக் கசிந்தது. பூட்ஸ் ஒட்டி ஒட்டி எழும் சத்தம் கீழே கேட்டது. அதன் பின்னாலேயே எறும்பு வந்தது. மேலே போனது போக மிச்சம் பலகை இடுக்கு வழியே எங்கள் வீட்டுக்கு இறங்கியது. என் தலையணையில் எறும்பு, அம்மாவின் வேதப் புத்தகத்தில் எறும்பு, சோற்றுப் பானையில் எறும்பு.

"ஏளா, இதுக்கு அந்தப் பூட்ஸே தேவலையே!" என்றாள் அம்மா.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். மஞ்சள்பொடி தூவச் சொன்னார். மஞ்சள்பொடியையும் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மறுபடியும் பகலெல்லாம் சொறிந்துகொண்டு விழித்துக் கிடந்தேன். ராத்திரி வார்டில் தலைமை நர்ஸ் என் கையிலிருக்கும் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் காலை வேலையிலிருந்து வந்தபோது தெருவெல்லாம் சாக்கு கிடந்தது. ஜன்னல் வழியே ஆபீசர் ஒவ்வொன்றாக வீசியிருக்கிறார். என்ன நடந்தது என்று அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். ராத்திரி முழுக்க பூட்ஸுக்குள் எறும்பு குடியேறியிருக்கிறது; காலையில் இவர் பார்க்காமல் காலை நுழைத்துக் கயிற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டியதை அவிழ்ப்பதற்குள் அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டதாம்.

சற்று நேரத்தில் படியில் ஆள் இறங்கும் அரவம். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வெறுங்காலோடு கதவுக்கு வெளியே நின்றார்.

"நர்ஸம்மா, ஏதாச்சும் மருந்து இருக்கா?"

உட்கார வைத்துக் காலைக் கழுவினேன். எறும்புக்கடி ஒரு பக்கம் இருக்கட்டும். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மடங்கிப் போயிருந்தன. நகங்கள் கறுத்திருந்தன. குதிகாலில் ஆறாத பழைய புண். துரை சின்ன ஆள் போலிருக்கிறது. பூட்ஸ் இவருடைய காலுக்குக் கொஞ்சமும் சேராது. விரலை ஊன்ற முடியாமல்தான் அப்படிக் காலைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார். அதிகாரத் தோரணை என்று நான் நினைத்ததெல்லாம் வெறும் கால்வலி. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதற்காகவா என் தூக்கத்தையும் பிழைப்பையும் மிதித்தாய் என்று ஆத்திரம்தான் வந்தது.

"இனிமே இந்தப் பூட்ஸைப் போட்டீங்கன்னா புண்ணு உள்ள இறங்கிரும் சார். அப்புறம் காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிருவாரு."

பாதிக்கு மேல் பொய்.  அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை நாளைக்குப் போடக் கூடாது?"

"எப்பவுமே கூடாது."

சின்னப் பிள்ளை போலக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் எதைப் போட்டுக்கொண்டு அலைந்தால் எனக்கென்ன என்று தோன்றியது.

"வீட்டுக்குள்ளதான் கூடாது. வெளிய போகும்போது வேணும்னா கொஞ்ச நேரம் போட்டுக்கிடுங்க."

"வெளிய நான் எங்கன போக, நர்ஸம்மா?"

 மருந்து தடவி, கட்டுப் போட்டு அனுப்பினேன். அவர் படியேறிப் போன சத்தமே கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுத்தவள், சாயங்காலம் அம்மா தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழுந்தேன்.