நெருப்பின் இழுப்பு

எங்கள் கரையில் இழுப்பு என்று யாராவது சொன்னால், எந்த இழுப்பு என்று திருப்பிக் கேட்கவேண்டும். கரைவலைக்காரருக்கு அது வேலை. கடலில் குளிப்பவர்களுக்கு அது காலடியில் உள்ளே கொண்டுபோகும் நீரோட்டம். என் கணவருக்கு அது சுருட்டு. சீனன்குடாவில் எண்ணெய் நிரப்பிவைக்கும் பெரிய தாங்கிகளில் வேலை அவருக்கு. அங்கே நெருப்புக் கூடாது என்பதால், "ஒரு இழுப்பு இழுத்திட்டுப் போறன்" என்று படலையடியில் நிற்பார். எனக்கு மட்டும் அது நோய், மூச்சு விசிலடிக்கும் நோய்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருநாள், அவர் வேலைக்குப் போன பிறகு, விமானங்கள் வந்தன. பதுங்கு குழிக்குள் இறங்கியதுமே எனக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி என் தோளை நெரித்தார்.

"சத்தம் போடாதை பிள்ளை, மேலை போறவனுக்குக் கேக்கும்."

"நிப்பாட்ட ஏலாது மாமி."

அவ்வளவு இரைச்சலோடு வருகிறவனுக்கு என் மூச்சா கேட்கப்போகிறது? எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

எல்லாம் ஓய்ந்து வெளியே வந்தபோது தாங்கிகளின் பக்கம் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. முற்றத்துச் சருகுகள் அதை நோக்கி உருண்டன.

"நெருப்பு காத்தை இழுக்குது," என்றார் மாமி.

கொடியில் காயப்போட்டிருந்த என் கணவரின் சாரமும் அந்தத் திசைக்கே எழும்பி நின்றது. ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடு பிள்ளை, கிழியப்போகுது."

நான் விடவில்லை.