பாய்லரில் குறையில்லை என்றேன்

என் தாய் கரி திருடவில்லை. அந்த வீட்டு வெந்நீர்ப் பாய்லரைக் கெடுத்தவன் நான். கெடுத்தது மட்டுமா? அவள் முகத்துக்கு நேரே பொய்யும் சொன்னேன். இதைப் படிக்கும் நீங்கள் என்னை வெறுத்தால் அது நியாயமே.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீடு. அங்கே வெந்நீர் போடுவது என் தாயின் வேலை. எங்கள் குலத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்றவன் நான். என்னைக் காலேஜில் சேர்த்துவிட்டவரும் அந்த வக்கீல்தான். தினமும் காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பாடம் படிப்பேன்.

அந்தப் பாய்லர் தாமிரத்தாலானது. நடுவே கரி கனலும். தலையிலுள்ள புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியே ஒரு சொம்பு வெந்நீர் வழியும். ஊற்றியதை ஓர் உள்குழாய் அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும். அந்தத் தண்ணீர் கீழே தங்கி, மேலேயுள்ள வெந்நீரை வெளியே தள்ளும். நீர் சூடானால் மேலே எழும் என்று வகுப்பில் படித்த அன்று எனக்கு வந்த கர்வம்... எங்கள் வீட்டில் வேறு யாருக்குத் தெரியும் இது!

அந்தக் கர்வந்தான் என்னைக் கெடுத்தது. ஒருநாள் புனலில் உப்புப் படிந்து தண்ணீர் மெதுவாக இறங்குவதைக் கண்டேன். என் தாய் கடைக்குப் போயிருந்தாள். நானே சரிசெய்துவிடலாமென்று இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். ‘ணங்’ என்றொரு சத்தம்... குழாய் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. கம்பியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் ஊற்றியபோது முதல் சொம்பு சுட்டது, அடுத்தது வெதுவெதுப்பு, பிறகு பச்சைத் தண்ணீர். காரணம் எனக்குத் தெரியும்! குழாய் இல்லாததால், ஊற்றிய தண்ணீர் மேலேயே கலந்துவிட்டது. என் தாயோ கரியை அள்ளி அள்ளிப் போட்டாள். பிள்ளை பெற்றுத் தாய் வீட்டில் இருந்த வக்கீலின் மகள், பாதிக் குளியலில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்னாடி கன்னியம்மா! பச்சை ஒடம்புக்காரிக்குப் பச்சைத் தண்ணியா ஊத்தறே? எங்க வீட்டுக் கரி உன் வீட்டு அடுப்புல எரியுதா?” என்று கத்தினாள் வக்கீலின் மனைவி.

“கரி கொறைக்கலைம்மா... சாமி சத்தியமா கொறைக்கலை.”

வக்கீல் என்னைக் கூப்பிட்டார். “நீ படிச்ச பையன், பொய் சொல்லமாட்டே. பாய்லரைப் பார்த்துச் சொல்லுப்பா. அம்மாவாச்சேன்னு பார்க்காதே.”

குனிந்து பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். பார்க்க என்ன இருந்தது! உண்மையைச் சொன்னால் காலேஜ் போய்விடுமே என்ற ஒரே பயம்...

“பாய்லரில் ஒரு குறையும் இல்லை, ஐயா.”

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. நேர்மையான பையன் என்று வக்கீல் என் முதுகில் தட்டினார்!

வீடு திரும்பும் வழியில் அவள் அழுவாள், என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா பேசினே நைனா. காலையில கழுவ சொல்லோ பார்த்தேன், உள்ள கொழா உடஞ்சி லொடலொடங்குது. பயந்துகினு நான் வாயே தொறக்கல. நீ அத்த சொல்லியிருந்தா, நாந்தான் உடச்சேன்னு போலீஸாண்ட இட்டுக்கினு போயிருப்பாங்க. பெத்தவள காப்பாத்திட்டடா!”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமென்று தலையை ஆட்டினேன்.

அதன்பின் ஒரு வீட்டிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கரித்திருடி என்ற பேர் அவளுக்கு முன்னே போய் நின்றது. அப்படியும், அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றித்தான் பெருமை பேசுகிறாள்... “படிப்புன்னா அதுதான். எம் புள்ள ஒத்த வார்த்தையில என்ன காப்பாத்துச்சு.”

இன்று நான் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. விடியுமுன் எழுந்து எனக்காக அடுப்பில் தவலை ஏற்றுகிறாள். அவள் குளிப்பது பச்சைத் தண்ணீரில், கரி வீணாகிறதாம்.

“எம்மா, அன்னிக்கு அந்தப் பாய்லரு...” என்று எத்தனையோ முறை ஆரம்பித்துவிட்டேன்.

“அத்த வுடு நைனா. போய்க் குளி, ஆறிடப் போவுது.”

போய்க் குளிக்கிறேன். கடைசிச் சொம்பு வரை சுடுகிறது.