காணாமல் போன பாவாடை

அலமேலு, போன வாரம் எம் மருமவளப் பத்தி உங்கிட்ட சொன்னதயெல்லாம் மறந்துடும்மா. ஆனா எம் பாவாடைய எடுத்தது அவதான். பின்கட்டுக் கொடியில, துண்டுக்கு அடியில மறைச்சுக் காயப்போட்டது வேற யாருக்குத் தெரியும்?

ஞாயித்துக்கெழம பிச்சாவரம் போவணும்னு மவன் சொன்னான்ல, அன்னிலேந்தே எனக்குச் சந்தேகம். படகுல அந்தத் தண்ணிக் காட்டுக்குள்ள போனா கொக்கு, நாரயெல்லாம் கிட்டயே பாக்கலாமாம். மருமவ போன்ல கிசுகிசுன்னு பேசுவா, நான் வந்தா கட் பண்ணிடுவா. சரி, கெழவிய வுட்டுட்டுப் போறாங்க, பாவாடையக் கிழிச்சு வண்டி தொடச்சிட்டாங்கன்னு நானா முடிவு கட்டிட்டேன்.

போன தடவையும் எல்லார் செருப்புக்கும் காவலா கரையிலதான நின்னேன். தல சுத்துதுன்னு சொன்னேன். நெசத்துல, காலத் தூக்கிப் படகுல வச்சா பொடவ ஏறிடுமேன்னு வெக்கம்.

நேத்து கேட்டேபுட்டேன். "எம் பாவாடைய என்னாடி பண்ண?"

"இடுப்பளவுக்கு டெய்லர்கிட்ட குடுத்தேன் அத்த. அந்தம்மாதான் போன்ல இழுத்தடிச்சிக்கிட்டே இருந்தாங்க."

பையிலேந்து ஒரு பேண்ட்ட எடுத்து நீட்டுனா.

"பொடவைக்கு உள்ள போட்டுக்குங்க. தல சுத்தாது."

எல்லாம் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. எம் மவங்கிட்டகூட வாயத் தொறக்கல. நாந்தான் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னும் மூணு வூட்டுக்குப் போயி மாத்திச் சொல்லணும்.

இரு, தூறல் போடுது. அந்தப் பேண்ட்ட அலசி வாசக் கொடியிலயே போட்டிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்.